கல்மழைக்குப் பிறகு வீடு ஒழுகினால்: எங்கே பார்ப்பது, எப்போது ஆள் கூப்பிடுவது

சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் ஆந்திராவின் பலமநேர் பக்கம் கருத்துக்கொண்டு வந்தால், குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்பட்டி வட்டாரத்தில் எல்லோருக்கும் முதல் கவலை மாங்காய்தான். கூரை நினைவுக்கு வருவது வீட்டுக்குள் சொட்டிய பிறகு. பல வீடுகளில் அன்றைக்குச் சொட்டுவதும் இல்லை. கோடையில் வரும் கல்மழை, அதாவது ஆலங்கட்டி மழை, சீக்கிரம் விட்டுவிடும், கல் அடித்து விழுந்த விரிசல் அப்படியே கிடக்கும். ஐப்பசியில் விடாமல் பெய்யும்போது அது வேலையைக் காட்டும். அந்த நேரத்தில் மேஸ்திரி கிடைக்க மாட்டார்.

ஒழுகுகிற வீட்டுக்குக் கூப்பிட்டுப் போனால் என் காதில் அதிகம் விழும் கேள்வி, "மேஸ்திரி, மேல ஒரு கோட் வாட்டர்ப்ரூஃப் அடிச்சுடலாமா?" என்பதுதான். ஓட்டை எங்கே என்று தெரியாமல் அடிக்கிற கோட் தண்ணீரை நிறுத்தாது. அடுத்த மழையில் வேறு இடத்தில் சொட்டும், அவ்வளவுதான். கல்மழைக்குப் பின் வருகிற ஒழுகலில் பெரும்பாதி ஒரு ஓடு, ஒரு வாஷர், மாடித் தண்ணீர் இறங்கும் தூம்பில் ஒரு அடைப்பு என்று சில்லறையில் முடிகிற விஷயம். அதனால் கீழே ஒவ்வொரு தொல்லைக்கும் செலவில்லாததை முதலில் வைத்திருக்கிறேன். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

## ஏறுவதற்கு முன்

இடி இருக்கும்போது ஏறவே வேண்டாம். மழை விட்டு, கூரை காய்ந்த பிறகு பாருங்கள். ஃபேன் மாட்டிய இடத்திலோ லைட் பாயிண்ட்டிலோ தண்ணீர் இறங்கினால் முதல் வேலை மெயினை அணைப்பது.

ஏணியின் கால், நாலடி உயரத்துக்கு ஓரடி சுவரிலிருந்து தள்ளி இருக்கட்டும். கூரை விளிம்புக்கு மேலே மூன்றடியாவது ஏணி நீண்டிருந்தால்தான் இறங்கும்போது பிடி கிடைக்கும்.

சிமெண்ட் ஷீட் மேல் கால் வைக்காதீர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. ஆறு மில்லி கனமுள்ள பழைய ஷீட், கல் விழுந்து உள்ளுக்குள் கீறியிருக்கும்; மேலே பார்த்தால் நல்லதாகத் தெரியும். கால் வைத்ததும் ஆளோடு கீழே போகும். ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் இரண்டு மூன்று சட்டங்களுக்கு மேல் படுகிற மாதிரி நீளப் பலகை போட்டு, பலகை நகராமல் கட்டி, அதன் மேல் மட்டும் நடக்க வேண்டும். ஃபைபர் ஷீட் இன்னும் மோசம். தூசி படிந்தால் அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

எதையும் தொடுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். கல் கரைவதற்குள் பக்கத்தில் பத்து ரூபாய் காசை வைத்து ஒரு படம். அந்தக் காசு 27 மில்லி மீட்டர். கல் எவ்வளவு பெரியது என்று பிறகு யாரும் வாதாட முடியாது.

## ஓட்டு வீடு: மழை தொடங்கிய உடனே ஒரே இடத்தில் சொட்டுகிறது

சீலிங் அடிக்காத வீடாக இருந்தால் மேலே ஏற வேண்டியதே இல்லை. நல்ல வெயிலில் ஜன்னல், கதவைச் சாத்தி இருட்டாக்கி, கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம்கூடத் தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். சொட்டுகிற இடம் வேறு, ஓட்டை இருக்கிற இடம் வேறு. தண்ணீர் ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மேலோ கைமரம் (முகட்டிலிருந்து சரிவாக இறங்கும் மரம்) ஓரமாகவோ இறங்கி வந்து, ஏதாவது ஆணியோ முடிச்சோ தட்டிய இடத்தில் சொட்டும். அதனால் சொட்டும் இடத்திலிருந்து முகட்டை நோக்கி மேலே தேடிக்கொண்டே போங்கள். மரத்தில் தண்ணீர் வந்த தடம் கருப்பாகத் தெரியும்.

### ஓடு நழுவியிருக்கிறது

கல் அடித்த அடியில், அல்லது குரங்கு குதித்ததில், மங்களூர் ஓடு ரீப்பரிலிருந்து கழன்று ஒரு அங்குலம் கீழே இறங்கியிருக்கும். உள்ளிருந்தே கையால் மேலே தள்ளினால் 'டக்' என்று உட்காரும். செலவு கிடையாது. திரும்பத் திரும்ப அதே ஓடு நழுவினால் அடியில் ரீப்பரில் மாட்டுகிற மூக்கு உடைந்திருக்கிறது என்று பொருள். ஓட்டை மாற்றிவிடுங்கள்.

### ஓடு கீறியிருக்கிறது

பாதி ஓடு காணாமல் போனால் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் ஏமாற்றுவது மயிரிழை விரிசல். இதற்குக் காது போதும். அடியிலிருந்து ஒரு காசால் ஒவ்வொரு ஓடாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல ஓடு கணீர் என்று பேசும். கீறிய ஓடு மொத்தென்று ஒலிக்கும். சந்தேகப்பட்டதில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்து, கடைசியில் மொத்தமாக மாற்றலாம்.

மாற்றுவது இப்படி: உடைந்த ஓட்டுக்கு மேலே இருக்கிற ஓடுகளைச் சற்று மேல்நோக்கித் தள்ளித் தூக்கிப் பிடியுங்கள். உடைந்ததைக் கீழ்ப்பக்கமாக உருவுங்கள். புதியதைச் செருகி, மூக்கு ரீப்பரில் மாட்டியதா என்று கீழே இழுத்துப் பாருங்கள். பிறகு மேல் ஓடுகளை இறக்கிவிடுங்கள். சிமெண்ட் வைத்து ஒட்டும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. ஓட்டு வரிசைக்கு நடுவில் சிமெண்ட் பூசினால் வெயிலில் அது வேறாகவும் ஓடு வேறாகவும் நீண்டு சுருங்கி, பக்கத்து ஓட்டையும் சேர்த்து உடைக்கும். சிமெண்ட் முகட்டு ஓட்டுக்கு மட்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு பொருந்தாது. பள்ளமும் மேடும் ஒரு நூல் மாறினாலும் இடைவெளி விழும். ஓட்டின் அடிப்பக்கம் கம்பெனி பெயர் அச்சாகியிருக்கும். உடைந்த துண்டையே கையில் எடுத்துக்கொண்டு, பழைய வீடு இடித்த சாமான் விற்கிற இடத்தில் அதே முத்திரையைத் தேடுங்கள். கிடைத்தால் பத்திருபது கூடுதலாக வாங்கித் திண்ணையோரம் அடுக்கி வையுங்கள்.

### முகட்டு ஓட்டில் பூச்சு வெடித்திருக்கிறது

இரண்டு சரிவும் சேர்கிற உச்சியில் வைத்த கலவை கல்மழையில் உதிரும். முகட்டுக்கு நேர் கீழே, வீட்டு நடுவில் வரிசையாகச் சொட்டினால் இதுதான். பழைய பூச்சை முழுக்கத் தட்டி எடுத்து, ஓட்டைத் தண்ணீரில் ஊற வைத்து, புதுக் கலவையில் உட்கார வைக்க வேண்டும். பழையதன் மேலேயே பூசினால் ஒரு கோடைகூடத் தாங்காது. உயரத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் ஓட்டு வேலை தெரிந்த ஆளிடம் விடுவது நல்லது.

### எல்லா ஓடும் அடியில் வியர்க்கிறது

நீண்ட மழையில் ஓட்டின் அடிப்பக்கம் முழுக்க ஈரமாகி, விரலால் தேய்த்தால் செம்மண் மாதிரி பொடியாக வந்தால் ஓட்டின் ஆயுள் முடிந்தது. பெயிண்ட் அடித்து இழுக்கலாம் என்பார்கள். ஒரு வருடம் வேண்டுமானால் இழுக்கும். கூரையைப் பிரிக்கும்போது கைமரத்தையும் ரீப்பரையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் கரையான் தின்றிருக்கிறது. அந்த இடத்தில் தச்சரைக் கூப்பிடாமல் புது ஓடு ஏற்றக் கூடாது.

நாட்டு ஓட்டுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. வருடத்துக்கு ஒரு முறை பிரித்து மேய்ந்தால் இருக்கும், இல்லாவிட்டால் ஒழுகும். அதை மேயத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வி.கோட்டா, குப்பம் பக்கக் கிராமங்களில் விசாரித்தால் இன்னும் ஆள் கிடைக்கிறார்கள்.

## சிமெண்ட் ஷீட்: சொட்டுகிறது, ஆனால் ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை

தறிக் கொட்டகை, தீப்பெட்டிக் கொட்டகை, மாட்டுக் கொட்டகை, வீட்டுக்குப் பின்னால் சமையலறை என எங்கே பார்த்தாலும் நம் பக்கம் இந்த ஷீட்தான். தறி மேல் சொட்டினால் ஓடிக்கொண்டிருக்கிற பாவு நூல் கெட்டுவிடும். அதனால் கொட்டகைக்காரர்கள் முதலில் பாவின் மேல் தார்ப்பாய் போட்டுவிட்டுப் பிறகு தேடுங்கள்.

### போல்ட்டைச் சுற்றிச் சொட்டுகிறது

சொட்டு நேராக ஜே போல்ட் (கொக்கி போல வளைந்த போல்ட்) நுனியிலிருந்து விழுந்தால் தார் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். ஏணியில் நின்று, கைக்கு எட்டுகிற ஓர போல்ட்டுகளை நீங்களே மாற்றலாம். நட்டைக் கழற்றி, பழைய தாரைச் சுரண்டி, புது தார் வாஷர், அதன் மேல் தகர வாஷர், பிறகு நட். வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை முடுக்கினால் போதும். பலம் காட்டினால் போல்ட் ஓட்டையிலிருந்தே விரிசல் கிளம்பும்.

போல்ட் எப்போதும் ஷீட்டின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் போட்டிருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் ஒழுகும். அந்த ஓட்டையை அடைத்து, மேட்டில் புதிதாகத் துளை போட வேண்டும்.

### ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில் உள்ளே அடிக்கிறது

காற்றோடு பெய்தால் மட்டும் நனைகிறதா? மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் ஆறு அங்குலம் ஏறியிருக்க வேண்டும். ஷீட்டை மிச்சம் பிடிக்க மூன்று நாலு அங்குலத்தில் நிறுத்தியிருப்பார்கள். சிமெண்ட் வைத்து அடைப்பது தற்காலிகம்தான். அடுத்த முறை பிரிக்கும்போது ஏற்றத்தைச் சரி செய்யுங்கள்.

### மயிரிழை விரிசல்

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. காலை வெயில் ஏறும் நேரத்தில் கீழிருந்து ஹோஸ் பிடித்து ஷீட்டை நன்றாக நனைத்துவிட்டு, ஏணியில் நின்று காயக் காயப் பாருங்கள். ஷீட் முழுக்க வெளுத்த பிறகும் விரிசல் மட்டும் சிறிது நேரம் கருப்புக் கோடாக நிற்கும். பெரும்பாலும் மேட்டை ஒட்டி நீளவாக்கில் ஓடும். கல் நேராக விழுந்த இடத்தில் அடிப்பக்கம் நட்சத்திரம் போலக் கீறியிருக்கும், மேலே ஒன்றும் தெரியாது. மொட்டை மாடித் தரைக்கும் இதே சோதனை வேலை செய்யும்.

ஒரு சாண் நீளத்துக்குள் ஒரே ஒரு விரிசல் என்றால், சுத்தம் செய்து காயவைத்து, நைலான் வலைத் துணி வைத்து ரப்பர் மாதிரி இழுபடுகிற அக்ரிலிக் கோட்டிங்கை இரண்டு முறை தடவலாம். எம்-சீல் பூசுகிறவர்கள் உண்டு. அது கல் மாதிரி இறுகுவதால் வெயிலில் ஷீட் அசையும்போது ஓரத்தில் விட்டுவிடும். ஓட்டையே விழுந்திருந்தால், நீள விரிசல் என்றால், ஒரே ஷீட்டில் நாலைந்து கீறல் என்றால் ஒட்டு வேண்டாம், ஷீட்டை மாற்றுங்கள்.

### மாற்றும்போது

இந்த ஷீட்டில் பெரும்பாலும் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் நார். முழுசாகக் கூரையில் இருக்கும்வரை தொல்லை குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கிளம்பும் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். கிரைண்டர் போடாதீர்கள். நனைத்துவிட்டு முழு ஷீட்டாகவே இறக்குங்கள். மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள். விழுந்த துண்டுகளைத் துடைப்பத்தால் வறட்டென்று பெருக்காமல் தண்ணீர் தெளித்துப் பொறுக்கி, சாக்கில் போட்டுக் கட்டுங்கள். உடைத்துத் தரைக்கு மெத்துவதும், பள்ளத்தை நிரப்புவதும் வேண்டாம். இரண்டு மூன்று ஷீட்டுக்கு மேல் மாற்றுவதாக இருந்தால் ஷீட் வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். கூலி மிச்சம் என்று வீட்டுப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம்.

## தகர ஷீட்: குழி குழியாக அடிபட்டிருக்கிறது

கலர் ஷீட் போட்ட வீடுகளில் கல்மழைக்கு மறுநாள் எல்லோரும் பதறுவது இதற்குத்தான். குழி விழுந்தது மட்டுமே என்றால் அது அழகுக் குறை, ஒழுகாது. டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஒவ்வொரு குழியாகப் பாருங்கள். பெயிண்ட் வெடித்து உள்ளே வெள்ளைத் தகரம் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் ஜிங்க் பிரைமர், அதன் மேல் பெயிண்ட். விட்டுவிட்டால் அங்கேதான் துரு தொடங்கும். சரிவு ரொம்பக் குறைவாகப் போட்ட கார் ஷெட் மாதிரி இடங்களில் குழியில் தண்ணீர் நிற்கும். அங்கே சீக்கிரம் துரு வரும் என்பதால் வருடா வருடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

### ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் சொட்டுகிறது

தகர ஷீட் ஒழுகினால் பெரும்பாலும் காரணம் ஸ்க்ரூவின் அடியில் இருக்கும் கருப்பு ரப்பர் வாஷர். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் நல்லது. கல்லாக இருந்தாலோ பிய்ந்து வந்தாலோ ஸ்க்ரூவோடு மாற்ற வேண்டும். பழைய துளையில் ஸ்க்ரூ சும்மா சுற்றினால் ஒரு சைஸ் பெரிய ஸ்க்ரூ, அதாவது 6.3 மில்லி போடுங்கள். சாய்ந்து ஏறிய ஸ்க்ரூவும் ஒழுகும், வாஷர் ஒரு பக்கம் மட்டும் அமுங்குவதால்.

சிலிகான் வாங்கினால் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் போலப் புளிப்பு வாடை அடித்தால் அது கண்ணாடிக்கானது, தகரத்தை அரிக்கும். 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

### ஸ்க்ரூவைச் சுற்றி அல்ல, ஷீட் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாகத் துரு

இது கல்மழை வேலை இல்லை. ஷீட் போட்ட அன்று மேலேயே வைத்து கிரைண்டரில் அறுத்திருக்கிறார்கள். பறந்த இரும்புத்தூள் ஷீட்டில் ஒட்டித் துருப்பிடித்திருக்கிறது. துடைத்து, ஓரத்துக்குப் பிரைமர் தடவினால் நிற்கும்.

### மழையே இல்லை, விடியற்காலையில் சொட்டுகிறது

மார்கழி, தையில் குப்பம் மேட்டுப் பக்கமும் மலையடிவாரத்திலும் இது சகஜம். வீட்டுக்குள் இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. ஷீட் முழுக்க முத்து முத்தாக இருந்தால் ஓட்டை தேடி அலையாதீர்கள். முகட்டில் காற்றுப் போக வழி விட்டு, அடுப்பு வைத்த அறைக்குப் புகைபோக்கி வைத்தாலே பாதி குறையும். மீதிக்குத் தகரத்துக்கு அடியில் நுரை ஷீட் ஒட்ட வேண்டும்.

## மொட்டை மாடி: மழை விட்டு சில மணி நேரம் கழித்து சீலிங் ஈரமாகிறது

கல்மழை காங்கிரீட்டை உடைக்காது. அதனால் காங்கிரீட் வீட்டில் கல்மழைக்குப் பின் ஒழுகினால், ஏற்கெனவே இருந்த வெடிப்பில் தண்ணீர் நின்று இறங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

### தூம்பு அடைத்திருக்கிறது

முதலில் பார்க்க வேண்டியதும், பல வீடுகளில் கடைசியாகப் பார்ப்பதும் இதுதான். கல்மழை வேப்பிலையையும் மாவிலையையும் உதிர்த்துவிட்டு, அதன் மேலேயே கல்லையும் கொட்டுகிறது. இலையும் பனியும் சேர்ந்து தூம்பு வாயில் கெட்டியாக உட்கார்ந்துவிடும். அரை மணி நேர மழையில் மாடி குளமாகி, கைப்பிடிச் சுவரின் அடியில், எப்போதும் தண்ணீர் படாத உயரத்தில் இருக்கிற வெடிப்பு வழியாக இறங்கும். கல் கரைந்தபின் போய்ப் பார்த்தால் மாடி காய்ந்திருக்கும், ஒன்றும் புரியாது. தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் அழுக்குக் கோடு சொல்லும். அதைத் தேடுங்கள்.

இலையை வாரி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரை வேகமாக ஊற்றிக் கீழே குழாய் வாயில் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பாருங்கள். தட்டையான ஜல்லடையைக் கழற்றிவிட்டு, மேலெழுந்த கூடு மாதிரி இருக்கும் மூடியைப் போடுங்கள். இலை சுற்றி நின்றாலும் மேல் பக்கம் தண்ணீர் போகும்.

### தண்ணீர் தேங்குகிறது

தூம்பு சுத்தம், ஆனாலும் மழை விட்டு மறுநாளும் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கிறதா? வாட்டம் சரியில்லை. பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது தூம்பை நோக்கி இறக்கம் வேண்டும். சின்னப் பள்ளம் என்றால் அங்கே பதித்திருக்கும் தட்டோட்டை மட்டும் எடுத்துச் சரி செய்யலாம்.

"பழையதன் மேலேயே இன்னொரு தளம் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். இரண்டு அங்குலத் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, ஒரு டன்னுக்கு மேல் பாரம். சுர்க்கிக்கு (செங்கல் தூளும் சுண்ணாம்பும் கலந்த பழைய தளம்) மேல் சிமெண்ட் தளம், அதற்கு மேல் இன்னொன்று என்று ஏற்றி வைத்த மாடிகள் நம் ஊரில் எத்தனையோ. புதிதாகப் போடுவதென்றால் பழையதை எடுத்துவிட்டுத்தான்.

### கைப்பிடிச் சுவர் ஓரமாக மட்டும் ஈரம்

தளமும் சுவரும் சேரும் மூலையில் வெடிப்பு ஓடும். பழைய பூச்சை மூன்று அங்குல அகலத்துக்குக் கொத்தி எடுத்து, மூலையை வளைவாகப் பூசி, அதன் மேல் இழுபடும் கோட்டிங்கைச் சுவரில் ஆறு அங்குலம் ஏற்றித் தடவ வேண்டும். சுவரின் தலைப்பகுதியையும் பாருங்கள். அங்கே பூச்சு வெடித்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கி, ஜன்னல் மேல் ஈரமாக வரும். அதைப் பார்த்து சன்ஷேடைப் போட்டு உடைத்தவர்கள் உண்டு.

### தளத்தில் விரிசல்

முதலில் விரிசல் இன்னும் வளர்கிறதா என்று தெரிய வேண்டும். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் குறுக்கே கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தடவி வையுங்கள். ஒரு மாதத்தில் அது உடையாமல் இருந்தால் விரிசல் நின்றுவிட்டது. விரிசலை 'வி' வடிவில் விரலளவு அகலத்துக்கு வெட்டி, தூசியை ஊதி, பாலிமர் கலந்த கலவையால் அடைக்கலாம். உடைந்தால் உள்ளே வைப்பது கல்லாக இறுகாத பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்டாக இருக்க வேண்டும். முனை கோட்டைத் தாண்டி நீண்டுகொண்டே போனால், அல்லது விரிசல் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

### எங்கே என்றே பிடிபடவில்லை

தூம்பை அடைத்து, மாடியைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்துப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விடுங்கள். எந்தப் பாத்தியில் நிறுத்தும்போது கீழே ஈரம் வருகிறதோ அங்கேதான் ஓட்டை. மரச் சட்டம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டிலும், சீலிங்கில் கம்பி தெரிகிற வீட்டிலும் இந்தச் சோதனை கூடவே கூடாது. இரண்டு அங்குலத் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ.

இடம் தெரிந்து, வெடிப்பை அடைத்து, வாட்டம் சரி செய்த பிறகு வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கை அடியுங்கள். அப்போது அது பல வருடம் உழைக்கும். ஈரத்தின் மேல் அடித்தால் கொப்புளம் கிளம்பிப் பிரிந்துவிடும்.

## வெயில் காலத்திலும் சீலிங் ஈரமாகவே இருக்கிறது

மழை இல்லாத வாரத்திலும் காயவில்லை என்றால் கூரையைக் குறை சொல்லாதீர்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, மாடியில் பாத்ரூம் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் பிளம்பர்.

## சீலிங்கில் பூச்சு உப்பியிருக்கிறது, துருக்கறை தெரிகிறது

இதற்கு நீங்களாகச் செய்ய ஒன்றுமில்லை. கட்டிலையும் தொட்டிலையும் அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள். நீளக் கம்பால் தள்ளி நின்று லேசாகத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் பெயர்ந்து விழும். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டால் அடுத்த வருடம் இரண்டு மடங்கு பெயரும். கம்பியின் துருவை எடுத்து, தேவையானால் கம்பி சேர்த்து, சரியான கலவையால் கட்ட வேண்டிய வேலை. மேஸ்திரியோடு நிறுத்தாமல், கட்டட இன்ஜினியர் ஒருவர் வந்து பார்க்கட்டும்.

## மாடி மேல் இருப்பவை

சோலார் வாட்டர் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்தாலும் தொட்டித் தண்ணீர் முழுக்க அதன் வழியே கொட்டும். தண்ணீர் வரும் வால்வை உடனே மூடுங்கள். குழாய் 47 மில்லி, 58 மில்லி என இரண்டு அளவில் வருகிறது, அளந்துவிட்டு வாங்குங்கள். மாற்றியபின் மதிய வெயிலில் தண்ணீர் விடாதீர்கள். காய்ந்து கொதிக்கிற குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மற்றவையும் வெடிக்கும். விடிகாலையில் நிரப்புங்கள்.

கரண்ட் தயாரிக்கும் சோலார் பேனல்களை 25 மில்லி பனிக்கட்டியை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடித்துச் சோதித்துத்தான் விற்கிறார்கள். உங்கள் போட்டோவில் கல் அந்தப் பத்து ரூபாய்க் காசைவிடப் பெரிதாக இருந்தால், கண்ணாடி நன்றாகத் தெரிந்தாலும் பொருத்திய ஆட்களை வந்து பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி நொறுங்கிய பேனலிலும் வெயில் பட்டால் கரண்ட் இருக்கும். தொடாதீர்கள், கழுவாதீர்கள்.

வெளிச்சத்துக்குப் போட்ட ஃபைபர் ஷீட் மஞ்சளாகி மொறுமொறுத்துப் போயிருந்தால் ஒட்டுப் போடாமல் மாற்றிவிடுங்கள்.

## மொத்தமாக மாற்ற வேண்டிய நேரம்

நாலில் ஒரு பங்குக்கு மேல் ஷீட்டோ ஓடோ போயிருந்தால், அல்லது அடியில் மரம் போயிருந்தால், ஒவ்வொன்றாக மாற்றுவது கூலிக்கே கட்டாது. இது என் கணக்கு. வேறு மேஸ்திரி வேறு சொல்லலாம்.

ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும்போது எடையைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்கு மங்களூர் ஓடு ஏறத்தாழ 400 கிலோ, சிமெண்ட் ஷீட் 120 கிலோ, அரை மில்லி தகர ஷீட் 45 கிலோ. ஷீட்டுக்குப் போட்ட சட்டத்தின் மேல் ஓடு ஏற்றினால் சட்டம் தொய்யும். ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் நேர்மாறான தொல்லை: எடை குறைந்ததால் சித்திரைக் காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். கைமரத்தைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். கல்லுக்கு எது தாங்கும் என்று கேட்டால், என் வரிசையில் தகரம் முதல், ஓடு அடுத்தது, சிமெண்ட் ஷீட் கடைசி. வெயிலுக்குக் கேட்டால் ஓட்டுக்குத்தான் என் ஓட்டு.

கல்மழை அடித்த வாரத்தில் ஷீட் கடையில் கூட்டம் தள்ளும். தகர ஷீட்டின் கனம் பெரும்பாலும் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். பில்லிலும் அதே எண்ணை எழுதி வாங்குங்கள். கூட்டம் குறையும்வரை தார்ப்பாய் போதும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்துக் கட்டினால்தான் தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் போகாது.

அரசின் பேரிடர் நிவாரண நிதிக்கான பட்டியலில் ஆலங்கட்டி மழையும் உண்டு. வீடு சேதமானால் வி.ஏ.ஓ.விடம் எழுத்தில் மனுக் கொடுத்து, போட்டோவையும் இணைத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் இருந்தால் அதோடு காப்பீடும் எடுக்கப்பட்டிருக்கலாம். பேங்கில் கேட்டுப் பாலிசியைப் பாருங்கள், இருந்தால் சரிசெய்வதற்கு முன்பே தகவல் சொல்லிவிடுங்கள். தமிழ்நாடு, ஆந்திரா என இரு மாநிலத்திலும் வீடு வைத்திருப்பவர்கள் அந்தந்த ஊர் வருவாய் அலுவலரிடம் தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர்கள் வந்து பார்க்கும்வரை உடைந்த ஷீட்டையும் ஓட்டையும் வெளியே கொட்டிவிடாமல், ஷீட் துண்டுகளை நனைத்துச் சாக்கில் கட்டி, வீட்டோரமாகவே வையுங்கள்.